சாம்பிள் சாருக்கு வைத்த தண்ணீர்

என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். "மோட்டார்" என்றால் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். எங்கள் குடியிருப்பில் பெரியவர்களுக்கு அவர் மோட்டார், சின்னவர்களுக்கு மோட்டார் அண்ணன். பிழைப்புக்கு, எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டிக் கொடுக்கிற ஒரு சின்னக் கடை. பெருமைக்கு, குடியிருப்பின் தண்ணீர். சங்கத்துக்காரர்கள் என்றைக்கோ ஒரு கூட்டத்தில் "நீங்களே பாத்துக்கோங்க" என்று பம்ப் ரூம் சாவியைக் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அந்தச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கியதில்லை.

நகரத்துக் குழாய் எங்கள் பக்கம் வராது. எல்லைக்கு வெளியே மலிவாக மனை கிடைக்கிறதென்று வாங்கி வீடு கட்டியவர்கள் நாங்கள் எல்லோரும். இரண்டு போர்வெல், மேலே ஒரு தொட்டி, சந்து சந்தாக ஓடும் குழாய்கள், இவ்வளவுதான் எங்கள் நீர்வளம். மேட்டில் இருக்கும் போரில் தண்ணீர் நன்றாக இருக்கும், ஆனால் கஞ்சத்தனமாக வரும். பள்ளத்துப் போர் கேட்கிற நேரத்தில் கேட்கிற அளவு கொட்டும். அதன் பக்கத்திலேயே காய்கறித் தோட்டங்களும் பெரிய மாட்டுப் பண்ணையும் இருக்கின்றன. உரமும் சாணமும் மண்ணில் இறங்கி, அந்தத் தண்ணீரில் நைட்ரேட் என்கிற உப்பு அதிகமாக இருக்கிறதென்று தண்ணீர் அலுவலகம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டது. மேட்டுத் தண்ணீர் மூன்று பங்கு, பள்ளத்துத் தண்ணீர் ஒரு பங்கு என்று கலந்துதான் விட வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. அந்த உப்புக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, நாக்கில் வைத்தாலும் தெரியாது.

முதலில் என் வீட்டுக்காரர் சொன்னபடிதான் செய்தார். பிறகு வீடுகள் பெருகின. மழை ஒரு வருஷம் கண்ணாமூச்சி காட்டியது, அடுத்த வருஷம் அதுவும் காட்டவில்லை. மேட்டுப் போர் இருமத் தொடங்கியது. தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்து மோட்டார் கதறும்போது, ஓடிப்போய் நிறுத்துவார். அதற்குள் நான்கு பேர் வாசலில் நிற்பார்கள், குழாயில் வரவில்லை என்று. பங்கு மெல்ல மெல்லத் தலைகீழானது. ஒருநாள் நான் வாய் சும்மா இருக்காமல் அலுவலகத்தார் சொன்னதை நினைவுபடுத்தினேன். "தண்ணி வரலைன்னா வீடு தேடி வந்து சண்டை போடுவாங்க. அதுல என்ன உப்பு இருக்குன்னு எவன் வந்து கேக்கறான்?" என்றார். உண்மைதான், யாரும் கேட்கவில்லை. நானும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கேட்பதற்கென்றே ஒருவர் இருந்தார். அலுவலகத்திலிருந்து பாட்டில்களும் ஐஸ் பெட்டியுமாக வந்து தண்ணீர் எடுத்துப்போகிறவர். நாங்கள் சாம்பிள் சார் என்போம். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். இந்தச் சுற்று வட்டாரத்தில் எங்களைப் போல எத்தனையோ சின்னக் குடியிருப்புகள், அத்தனைக்கும் அவர் ஒருத்தர்தான். முதல் தடவை அவர் சொல்லாமல்தான் வந்தார். பம்ப் ரூம் பூட்டியிருந்தது, இவர் கடையில் இருந்தார். இவர் ஓடிவந்து சேர்வதற்குள் அந்த மனிதர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். இவருக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. வீடு தேடி வந்தவரை வெளியில் உட்கார வைத்துவிட்டோமே என்று புலம்பித் தீர்த்தார். இனிமேல் முதல் நாளே ஒரு போன் போட்டுவிட்டு வரவேண்டும் என்று சாம்பிள் சாரிடம் கையைப் பிடித்துக்கொண்டு வாக்கு வாங்கினார். அவரும் நல்ல மனிதர், ஒத்துக்கொண்டார். இரண்டு நல்லவர்கள் சேர்ந்து செய்த காரியம் அது.

போன் வந்தால் எங்கள் வீடு விசேஷ வீடு மாதிரி ஆகிவிடும். இவர் பம்ப் ரூமைக் கூட்டித் துடைப்பார், என்னையும் துடைக்கவைப்பார். மோட்டார் மீது படிந்த கிரீஸைத் துணியால் வழித்தெடுப்பார். தொட்டியில் இறங்கிச் சுவரைத் தேய்ப்பார். பள்ளத்துப் போரின் வால்வை இறுக மூடிவிட்டு, மேட்டுப் போரைக் கொஞ்சம் ஓடவிட்டு, ஓய்வு கொடுத்து, மறுபடி ஓடவிட்டு, கெஞ்சிக் கூத்தாடித் தொட்டியை நிரப்புவார். அன்றைக்குக் குடியிருப்பு முழுவதும் பாதி வாளிதான் வரும். யாரும் முணுமுணுக்கமாட்டார்கள், நாளைக்கு சாம்பிள் என்றால் எல்லோருக்கும் தெரியும். யாரையும் ஏமாற்றுகிறோம் என்று ஒரு நொடிகூட அவருக்குத் தோன்றியிருக்காது. இதைச் சத்தியம் செய்தே சொல்வேன், பதினெட்டு வருஷம் குப்பை கொட்டிய பெண்டாட்டிக்கு இது தெரியாதா? வருகிறவருக்கு இருப்பதிலேயே நல்ல தம்ளரை எடுத்து வைப்பது போல, இருப்பதிலேயே நல்ல தண்ணீரை எடுத்து வைத்தார்.

சாம்பிள் சார் வருவார். குழாய் வாயைத் தீயில் சுட்டு, கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டு, பாட்டில்களில் பிடித்துப் பெட்டிக்குள் அடுக்குவார். போகும்போது எங்கள் வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "உங்க ஊர்த் தண்ணி மாதிரி எங்கயும் இல்லம்மா" என்பார். பரிசோதனை முடிவு எப்போதும் நல்லதாகத்தான் வரும். இவர் அந்தக் காகிதத்தைப் பம்ப் ரூம் கதவில் நாலு பக்கமும் பசை தடவி ஒட்டுவார். ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பார். அவர் எழுதின பரீட்சைக்கு மார்க் வந்ததுபோல இருக்கும் அந்த முகம். நாளடைவில் அந்தக் காகிதத்தை எங்கள் எல்லோரையும்விட அதிகமாக நம்பியவர் அவர்தான். எந்தத் தண்ணீருக்குக் கிடைத்த காகிதம் என்பதையே மறந்துபோனார்.

இப்படி இருக்கும்போதுதான் என் நாத்தனார் கைக்குழந்தையோடு வந்தாள்.

அவள் இவருக்குத் தங்கை என்பது பேருக்குத்தான், வளர்த்த பாசம் மகள் மாதிரி. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்பில் இருந்தாளாம். தலைவாரி ஜடை பின்னி, மதிய சாப்பாடு கட்டி, பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விட்டவர் இவர்தான். எனக்கு இந்த மனுஷர் ஒரு சீப்பைக்கூட எடுத்துக் கொடுத்ததில்லை, அது வேறு விஷயம். அவளை "குட்டி" என்றுதான் கூப்பிடுவார். அவளுக்குக் கல்யாணமாகி, வேலைக்குப் போய், குழந்தை பெற்ற பிறகும் குட்டிதான். அவள் வீட்டுக்காரருக்கு வேலை விஷயமாகக் கொஞ்ச நாள் வெளியூரில் தங்கவேண்டி வந்தது. அவளுக்கோ பிரசவத்துக்குப் பிறகு உடம்பு தேறவில்லை, மருந்து சாப்பிடுவதால் தாய்ப்பால் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தைக்குப் பால் பவுடர்தான். தனியாக எப்படிச் சமாளிப்பாள் என்று இவர் ஒற்றைக்காலில் நின்று வரவழைத்தார்.

காரிலிருந்து இறங்கும்போது ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையால் டிரைவரிடம் எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் தண்ணீர் கேன். குழந்தைக்குப் பால் கலக்க அங்கே அதைத்தான் உபயோகிக்கிறாள் போலிருக்கிறது. டிரைவர் கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறியபோது இவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

"குட்டி, அதை வண்டியிலேயே வைக்கச் சொல்லு."

"பாப்பாவுக்கு மட்டும்தான் அண்ணா. நான் உங்க தண்ணிதான் குடிப்பேன்."

"மோட்டார் வீட்டுலயே கேன் தண்ணியா? நாளைக்கு சந்து முழுக்கச் சிரிப்பாங்க. போன வாரம்தான் டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு. பம்ப் ரூம் கதவுல ஒட்டியிருக்கேன், போய்ப் படிச்சுப் பாரு."

அவள் என்னைப் பார்த்தாள். அண்ணன் தங்கை நடுவில் புகுந்து நான் என்றைக்கும் நல்ல பேர் வாங்கியதில்லை. ஆனாலும் அன்று, தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றித் தருகிறேன், கவலைப்படாதே என்றேன். கொதிக்கவைத்தால் எந்தக் கிருமியும் செத்துப்போகும் என்று படித்தவர்கள் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். அவளுக்கு அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுத்துப் பேச மனம் வரவில்லை. கேன் வெளியே படிக்கட்டு ஓரமாகவே கிடந்தது. வழியை அடைக்கிறதென்று இரண்டு நாள் கழித்து நான்தான் அதை எடுத்துக் கவிழ்த்து வாசற்படியைக் கழுவினேன். அந்தத் தண்ணீர் படியிலிருந்து வழிந்து சாக்கடைக்குப் போனது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

நாட்கள் நன்றாகத்தான் போயின. இவர் கடையை மதியமே பூட்டிக்கொண்டு வந்துவிடுவார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கிரீஸ் போய்விட்டதா என்று என்னிடம் காட்டி, பிறகுதான் மருமகனைத் தூக்குவார். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டால் அன்று முழுவதும் அதே பேச்சு. "என்ன பிடி பாத்தியா? ஸ்பேனர் பிடிக்கிற பிடி" என்பார். நடுவில் குழந்தை சரியாகப் பால் குடிக்காமல் சிணுங்கியது. எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்த புத்திசாலி என்ன செய்தேன் என்றால், இன்னும் கொஞ்சம் அதிக நேரம் கொதிக்கவைத்தேன். பாத்திரத்தில் பாதியாகச் சுண்டும்வரை அடுப்பை விட்டு நகராமல் நின்றேன். அக்கறை என்றால் அப்படி ஒரு அக்கறை.

அன்று காலையில் குழந்தையைக் குளிப்பாட்டித் துண்டில் சுற்றும்போது, உதட்டைச் சுற்றி மை தடவியது மாதிரி ஒரு சாம்பல் நீலம் தெரிந்தது. நாத்தனார் துண்டின் சாயம் ஒட்டியிருக்கிறதென்று நினைத்து விரலால் துடைத்தாள். போகவில்லை. நகங்களைப் பார்த்தோம், நகங்களிலும் அதே நிறம். குழந்தை அழவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி கிடந்தது. இவர் வெறுங்காலோடு ஓடி, எதிர்வீட்டுக்காரரின் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

மருத்துவமனையில் குழந்தைகள் டாக்டர் ஒரு பெண்மணி. மூக்கில் பிராணவாயுக் குழாய் வைத்தும் நிறம் மாறவில்லை. ஊசியில் கொஞ்சம் ரத்தம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். ரத்தம் சிவப்பாக இல்லை, துருப்பிடித்த தண்ணீர் மாதிரி பழுப்பாக இருந்தது. அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, பாலை எந்தத் தண்ணீரில் கலக்குகிறீர்கள் என்பதுதான்.

நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன், பெருமையாகவே சொன்னேன். பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைக்கிறேன் டாக்டர் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். தண்ணீரில் நைட்ரேட் இருந்தால் கொதிக்கவைப்பதால் அது போகாது என்றார். தண்ணீர்தான் ஆவியாகப் போகும், உப்பு அப்படியே தங்கிவிடும், மிஞ்சியதில் இன்னும் அடர்த்தியாகிவிடும். பெரியவர்கள் உடம்பு தாங்கிக்கொள்ளும், இவ்வளவு சின்னக் குழந்தையின் ரத்தம் தாங்காது, பிராணவாயுவைச் சுமக்கிற சக்தியையே இழந்துவிடும் என்றார். சுண்டவைத்தால் உப்பு கூடும் என்பது எனக்குத் தெரியாதா? தினம் அடுப்பில் பார்க்கிற சங்கதிதானே. அடுப்படியில் தெரிந்தது அந்த ஒரு பாத்திரத்துக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

இவர் சுவரோரமாக நின்றிருந்தார். நைட்ரேட் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் குடியிருப்பிலேயே, குழாயில் அது எவ்வளவு போகிறதென்று தெரிந்த ஆள் அவர்தான்.

குழந்தைக்கு நீல நிறத்தில் ஒரு மருந்தை நரம்பில் மெதுவாக ஏற்றினார்கள். நீலம் பாரித்த குழந்தைக்கு நீல மருந்தா என்று நான் கேட்டேவிட்டேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் உதட்டோரம் வெளுத்து, பிறகு மெல்லச் சிவந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. அதைப்போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. நாத்தனார் அவன் நகங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். பிழைத்துவிட்டான், இனிப் பயமில்லை, சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார்.

வெளியே வராந்தாவில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். நாத்தனார்தான் ஆரம்பித்தாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, புரியாமல் கேட்கிற குரல்.

"டெஸ்ட் நல்லா வந்திருக்குன்னு சொன்னியே அண்ணா. லேப்புல தப்பா பண்ணிட்டாங்களா?"

அதைப் பிடித்துக்கொண்டு அவர் தப்பித்திருக்கலாம். ஆமாம், லேப் சரியில்லை என்று ஒரு வார்த்தை போதும். நானே அப்படிச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன், சொல்லிவிட்டால் தேவலை என்றும் நினைத்தேன்.

"லேப்புல தப்பு இல்ல குட்டி. அவங்க எடுத்த தண்ணி வேற. சாம்பிள் சார் வர்ற அன்னைக்கு மட்டும் மேட்டுத் தண்ணி விடுவேன். மத்த நாள்ல பாதிக்கு மேல பள்ளத்துத் தண்ணிதான்."

அவள் அவர் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"அவருக்கு நல்ல தண்ணி எடுத்து வச்சே. நானும் உன் வீட்டுக்கு வந்தவதானே அண்ணா, எனக்கு ஏன் வைக்கலே?"

விருந்தாளி என்றால் வெளியாள்தான் என்று நினைத்தது அவர் மனசு. சொந்தம் என்றால் தினப்படித் தண்ணீர், தினப்படித் தம்ளர். அவள் மேல் வைத்த உரிமையில்தான் அவளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்தார். இதை எந்த வாயால் அவளிடம் சொல்வது? எனக்கும் அவர் மேல் மூக்குக்கு மேல் கோபம் இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு திட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

நாத்தனாரின் வீட்டுக்காரர் அன்றே பறந்தடித்து வந்தார். மருத்துவமனையிலிருந்து நேராக அவளையும் குழந்தையையும் அவர்கள் வீட்டுக்கு அழைத்துப்போனார். குழந்தையின் சட்டைகளையும் கிலுகிலுப்பையையும் நான் மடித்து ஒரு பையில் போட்டு அனுப்பினேன்.

இவர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் சாப்பிடவில்லை. நேராகப் போய்ப் பள்ளத்துப் போரை நிறுத்தினார். பிறகு சாவிக்கொத்தோடு ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினார். கைக்குழந்தை இருக்கிறதா, புட்டிப்பால் கொடுக்கிறீர்களா, குழாய்த் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், கொதிக்கவைத்தும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஏன் என்றும் சொன்னார். கடைசிச் சந்தில் ஒரு பெண் நிறைமாதமாக இருந்தாள். அவள் மாமியார் இவரை வாசலிலேயே நிற்கவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். இவர் தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். சங்கத்தில் சிலர் அவர் மேல் வேறு விதமாகக் கோபப்பட்டார்கள். எதற்கு இப்படி வெளியே சொல்லி வீட்டு மனை விலையைக் கெடுக்கிறார் என்று கேட்டார்கள். இந்த ரகத்தை என்ன செய்வது?

சாம்பிள் சாருக்கும் அவரே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். மறுநாள் வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை, போனை வைத்தவுடன் கிளம்பி வந்துவிட்டார். பம்ப் ரூம் கூட்டாமல் கிடந்தது, கிரீஸ் அப்படியே வழிந்துகொண்டிருந்தது. தினமும் எப்படி விடுவாரோ அப்படியே இரண்டு போரையும் திறந்துவிடச் சொல்லி, பெருக்காத அந்தத் தரையில் குத்துக்காலிட்டுப் பாட்டில்களில் பிடித்தார். வேலை முடிந்தபிறகு வாசலில் தயங்கி நின்றார்.

"நான் போன் பண்ணாம வந்திருக்கணும்மா. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். எல்லா ஊர்லயும் போன் பண்ணிட்டுத்தான் போறேன்" என்றார்.

தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் எங்கள் வீட்டில் வாய் நனைக்காமல் போனது அன்றுதான்.

பள்ளத்துப் போரை மூடச்சொல்லி உத்தரவு வந்தது. ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். இவர் கேட்கவில்லை, தானே இரும்பு மூடி அடித்து, தானே வெல்டிங் வைத்து மூடினார். இப்போது குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர், மீதிக்கு அலுவலகத்து லாரி. மக்கள் குடத்தோடு நிற்கும்போது அவர் காதுபடவே பேசுவார்கள். அவர் சாவியைச் சங்கத்தில் திருப்பிக் கொடுக்கப் போனார். வேறு யாரும் வாங்கத் தயாராக இல்லாததால் சாவி மறுபடி அவர் இடுப்புக்கே வந்தது. சாம்பிள் சார் இப்போது எந்தக் கிழமையில் வருவார் என்று யாருக்கும் தெரியாது. எந்த வீட்டுக் குழாயிலாவது பிடித்துக்கொண்டு போய்விடுகிறார், எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. விருந்தாளியாக இருந்தவர் அதிகாரியாகிவிட்டார். முதலிலிருந்தே அப்படித்தான் வந்திருக்க வேண்டும், ஆனாலும் வீட்டில் ஒரு தம்ளர் குறைந்ததுபோல இருக்கிறது.

தண்ணீரின் முடிவுகள் இப்போதும் வருகின்றன. நல்லதாகவே வருகின்றன, இந்தத் தடவை உண்மையாகவே நல்லதாக. இவர் அவற்றைக் கதவில் ஒட்டுகிறார். ஒட்டிவிட்டுப் பின்னால் போய் நின்று பார்ப்பதில்லை.

நாத்தனார் போனில் பேசாமல் இல்லை. என்னோடு பேசுவாள், குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது எல்லாம் சொல்வாள். அண்ணனிடம் கொடுக்கட்டுமா என்றால் கொடுங்கள் என்பாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், கடை எப்படி, நடக்குது என்று அவர்கள் இருவரும் பேசுவதைக் கேட்டால், முன்பின் தெரியாதவர்கள் ரயிலில் பேசிக்கொள்வது போல இருக்கும். எங்கள் வீட்டுக்கு வருவதாக மட்டும் அவள் சொல்லவே இல்லை. நானும் கூப்பிடவில்லை, கூப்பிட எனக்கு என்ன முகம் இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை அவளாகவே போன் செய்து, வருகிறேன் அண்ணி என்றாள். ஒரு பகல் மட்டும், சாயங்காலம் கிளம்பிவிடுவோம் என்றாள். இவரிடம் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பம்ப் ரூமுக்குத்தான் போகிறார், தொட்டியைத் தேய்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது தோளில் தண்ணீர் கேன் இருந்தது. கடைவீதியிலிருந்து நடந்தே தூக்கி வந்திருக்கிறார். வண்டியில் வைத்து மறைவாகக் கொண்டுவரவில்லை, எல்லாச் சந்துக்கும் நடுவே, எல்லோர் கண்ணிலும் படும்படி, மோட்டார் கேன் தண்ணீரைச் சுமந்து வந்தார். படிக்கட்டு ஓரமாக, முன்பு ஒரு கேன் கிடந்த அதே இடத்தில் இறக்கி மூச்சு வாங்கினார். அப்புறம் என்ன நினைத்தாரோ, உள்ளே தூக்கிவந்து சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வைத்தார்.

நாத்தனார் வந்தாள். பயல் இப்போது நடக்கிறான், தத்தக்கா பித்தக்கா என்று எல்லாவற்றையும் இழுத்துப் போடுகிறான். மாமாவை அடையாளம் தெரியாமல் அம்மாவின் புடவைக்குள் ஒளிந்தான். கொஞ்ச நேரத்தில் அவர் இடுப்புச் சாவிக்கொத்தைப் பார்த்து வெளியே வந்து, அதைப் பிடித்து இழுத்தான். நான் நாத்தனாருக்குக் குழாய்த் தண்ணீரை ஒரு தம்ளரில் கொண்டுவந்து வைத்தேன். அவள் எடுத்தாள், ஒரே மூச்சில் குடித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இனிமேல் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அவள் மேசைக்குப் பக்கத்தில் இருந்த கேனைப் பார்த்தாள்.

"இப்ப தண்ணி நல்லா இருக்காமே. சாம்பிள் சார் சொன்னாருன்னு அண்ணி சொன்னாங்க" என்றாள்.

"சொன்னாரு."

"அப்புறம் எதுக்கு அண்ணா இது?"

அவர் பயலின் கையிலிருந்த சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது அவரு சொல்றது குட்டி. நல்லா இருக்குன்னு உன்கிட்ட நான் ஒரு தடவ சொல்லிட்டேனே."

டாக்டரே சொல்லிவிட்டார், ஒரு வயசு தாண்டிய குழந்தைக்கு இனி அந்தப் பயம் கிடையாது என்று. அது அவளுக்கும் தெரியும். பயலுக்குத் தாகம் போலிருக்கிறது, வெறும் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் முழங்காலைத் தட்டினான். வேண்டாம் அண்ணா, குழாய்த் தண்ணியே குடு என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அவரும் கேனைத் தொடாமல் காத்திருந்தார், அவர் நின்ற நிலையிலேயே அது தெரிந்தது.

அவள் பயலிடமிருந்து பாட்டிலை வாங்கினாள், மூடியைக் கழற்றினாள். தலையை நிமிர்த்தாமல் அண்ணனிடம் நீட்டினாள்.

அவர் கேனைச் சாய்த்து, ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தாமல் அதை நிரப்பிக் கொடுத்தார்.